இயந்திரம் வந்துவிட்டது, மேசை எங்கே?

ஓர் இயந்திரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டால் ஒரு தொழிலையே கொடுத்துவிட்டதாக எண்ணுவது புலம்பெயர்ந்த தமிழரிடையே பரவலாகக் காணப்படும் ஒரு நல்லெண்ணம். நல்லெண்ணம் என்றுதான் சொல்கிறேன், யாரையும் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் அந்த எண்ணத்துக்கும் அதன் விளைவுக்கும் இடையில் ஒரு பலகை குறைகிறது. இன்று அந்தப் பலகையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அரசியல் கட்டுரையை எதிர்பார்த்து வந்தவர்கள் இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்ள வேண்டும். முடிவில் அரசியலும் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

மேசை மீது நிறுத்திவைத்துப் பயன்படுத்தும் சிறிய துளைப்பொறியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஊரில் ட்ரில் மெஷின் என்றால் போதும். கனத்த அடித்தளம், அதிலிருந்து எழும் இரும்புத் தூண், தூணின் உச்சியில் மோட்டார், முன்னால் சுழலும் அலகு, அலகின் கீழே ஒரு சிறு இரும்புத் தட்டு. கைப்பிடியை இழுத்தால் அலகு செங்குத்தாக இறங்கும். கையில் பிடித்துத் துளைக்கும் ட்ரில் சாயும், இது சாயாது. இதன் பெருமை முழுவதும் அதில்தான் இருக்கிறது. 8 அங்குலப் பொறி என்றால் தூணுக்கும் அலகுக்கும் இடையே 4 அங்குலம் உண்டு; அதாவது 8 அங்குல அகலமுள்ள பலகையின் நடுவில் துளையிடலாம்.

இப்போது அந்த இரும்புத் தட்டைக் கூர்ந்து பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளை அடுத்தடுத்து வைத்தால் நிரம்பிவிடும். நடுவில் ஒரு துவாரம், சுற்றிலும் நீள்வெட்டுகள். இரும்பு வேலை செய்பவர் தமது துண்டை வைஸில் இறுக்கி, வைஸை அந்த நீள்வெட்டுகளில் பூட்டிக்கொள்வார். அவருக்கு அந்தத் தட்டுப் போதும். தச்சருக்குப் போதாது. நான்கடி நீளப் பலகையை அதன்மேல் வைத்தால் இருபுறமும் தொங்கும். நடுத் துவாரத்தின் மேல் வைத்துத் துளைத்தால், அலகு வெளியேறும் இடத்தில் பலகையின் அடிப்பக்கம் சிராய் சிராயாகப் பிய்ந்துபோகும்.

ஆகவே மரவேலைக்கென்று இப்பொறியை வாங்கியவர்கள், எந்த நாட்டினராயினும், பெரும்பாலும் முதலில் செய்துகொள்வது இரண்டு பொருட்கள்: பலகையைத் தாங்க ஒரு மரமேசை, பலகையை அணைத்து நிறுத்த ஒரு தடுப்புக்கட்டை. அந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் வேலி என்று பொருள்படும் சொல்லே வழங்குகிறது. யாழ்ப்பாணத்தவன் ஆகையால் நானும் வேலி என்றே எழுதுகிறேன்.

முன்பு நம் தச்சர்களின் கையில் இருந்தது துறப்பணம். வில்லின் கயிற்றைத் தண்டில் சுற்றி முன்னும் பின்னும் இழுக்க அலகு சுழலும். தண்டின் தலையை மற்றக் கை அழுத்திப் பிடிக்கும். மேசை இல்லை, வேலி இல்லை. காற்பெருவிரல் பலகையை நிறுத்தியது. கண் செங்குத்தைக் காத்தது. அந்தக் கண்ணையும் கையையும் நாம் குறைவாக மதிப்பிடக்கூடாது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. மின்சாரத் துளைப்பொறிக்கு மெல்பேர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னொட் 1889ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார் என்றாலும், எங்கள் கடற்கரைகளில் வெகுகாலம் கைதான் மோட்டாராக இருந்தது.

மின்சாரம் வந்ததும் கைக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் கண் செய்துவந்த வேலை அப்படியே எஞ்சியிருக்கிறது. அதை மோட்டார் செய்யாது. மேசையும் வேலியும்தான் செய்ய வேண்டும்.

சென்ற ஆண்டு தீவகத்துக்குப் போயிருந்தேன். பண்ணைப் பாலத்தைக் கடந்து, ஊர்காவற்றுறை வீதியில் வேலணையைத் தாண்டினால் சரவணை. அங்கே ஒரு தச்சுக்கொட்டிலில், வெளிநாட்டிலுள்ளோர் பணம் சேர்த்து வாங்கிக்கொடுத்த துளைப்பொறி ஒன்று உரப்பை போர்த்தியபடி நின்றது. உப்புக்காற்றுக்குத் தட்டில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. எழுபதைத் தாண்டிய ஓடாவியாரிடம் ஏன் பாவிப்பதில்லை என்று கேட்டேன்.

"தம்பி, மிசின் நல்ல மிசின்தான். பனஞ்சலாகையை எதிலை வைச்சுத் துளைக்கிறது? அதுவும் ஆடி நானும் ஆடினால் அலகு முறியும்" என்றார்.

ஊரின் பெயரைச் சொல்லிவிட்டதால் அவருடைய பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. பனையின் வெளிப்புறம் வைரம். கறுத்த நார்கள் கம்பி போலிருக்கும். உட்புறம் மென்மையான சோற்றி. சலாகையை இறுகப் பிடிக்காவிட்டால், அலகின் நுனி வைரநாரில் பட்டவுடன் மென்மையான பக்கத்துக்கு வழுக்கும். துளை ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் முடியும்.

இதற்கான மருந்து எளியது. 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒட்டுப்பலகையில் 20 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடைய இரண்டு துண்டுகள் வேண்டும். மேற்துண்டில், அலகு இறங்கும் இடத்தைச் சுற்றி 3 அங்குலச் சதுரமாக ஒரு வாயில் வெட்ட வேண்டும். அடித்துண்டில் அதே இடத்தில் ஒரு விரல் நுழையும் துளை போதும். அது இரும்புத் தட்டின் நடுத் துவாரத்துக்கு நேரே அமைய வேண்டும். பின்னர் இரண்டையும் ஒட்டிவிடலாம். சதுர வாயிலுக்குள் அதே தடிப்புள்ள சிறுபலகை ஒன்று இறுக்கமாக உட்கார வேண்டும். அலகு வெளியேறும்போது அச்சிறுபலகை வேலைப்பலகையின் அடியைத் தாங்குவதால் சிராய் எழாது. துளைகள் பட்டு அது பழுதானதும் கீழிருந்து விரலால் தள்ளி எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். மேசையின் பின்விளிம்பில் தூணுக்கு இடம்விட்டு அரைவட்டம் வெட்டி, ஆணித்தலைகள் மேசைக்குள் அமிழும்படி இரும்புத் தட்டின் நீள்வெட்டுகள் வழியாகப் போல்ட்டுகளால் பூட்ட வேண்டும்.

மேசை அலகுக்குச் செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மின்தொடுப்பைக் கழற்றிவிட்டு, வளைத்த கம்பித் துண்டொன்றைச் சக்கில் பூட்டுங்கள். கம்பியின் நுனி மேசையை மெல்லத் தொடும்படி வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சுற்று முழுவதும் ஒரேயளவாகத் தொட்டால் மேசை சரி. ஒருபுறம் அழுந்தி மறுபுறம் விலகினால் தட்டு சாய்ந்திருக்கிறது.

அடுத்தது வேலி. இரண்டு நீளத் துண்டுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டித் திருகாணி இட்டால் வேலி தயார். முகப்பு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதை மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். முகப்பின் நடுவில் சக் இறங்குவதற்கு ஓர் அரைவட்டம் வேண்டும். முகப்பின் அடிவிளிம்பில் 3 மில்லிமீற்றர் அளவு சீவிவிட்டால் மரத்தூள் அந்த இடைவெளிக்குள் ஒதுங்கிக்கொள்ளும். இல்லையேல் தூள் திரண்டு பலகையை வேலியிலிருந்து விலக்கிவிடும், அளவு பிசகும். இரு முனைகளிலும் கிளாம்ப் இட்டு இறுக்கினால் வேலை முடிந்தது.

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. வட்டவாள் மேசையின் வேலி வாளுக்கு இணையாக நிற்க வேண்டும். இம்மி பிசகினாலும் ஆபத்து. துளைப்பொறியின் வேலிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அலகு ஒரே புள்ளியில்தான் இறங்குகிறது. அந்தப் புள்ளிக்கும் வேலிக்கும் உள்ள தூரம் ஒன்றே கணக்கு. வேலியின் ஒரு முனையை இறுக்கிவிட்டு மறுமுனையைத் தட்டித் தட்டி நகர்த்தினாலே நுண்ணிய அளவைப் பிடித்துவிடலாம். வேலி ஒரு கதியால் நகர்ந்ததற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறிய சமூகத்தில் பிறந்த எனக்கு, கோணலாக நின்றும் குற்றம் செய்யாத ஒரு வேலியைக் காண்பதில் தனி மகிழ்ச்சி.

வேலியோடு சேர்த்து ஒரு சிறு நிறுத்துக்கட்டையையும் பூட்டிவிட்டால், பலகையின் முனை அதில் முட்டும் இடம் எப்போதும் ஒன்றே. நாற்பது சலாகைகளில் ஒரே இடத்தில் துளை வேண்டுமென்றால் ஒரு தடவை அளந்தால் போதும். அந்த ஒரு தடவை ஓடாவியார் அளப்பார். மீதியை நேற்றுச் சேர்ந்த பையனே செய்வான். பையன் பயிலும்வரை ஓடாவியாரின் கண் அந்தக் கட்டையில் குடியிருக்கும். மேசையும் வேலியும் குரு சீடன் உறவின் ஒரு பகுதி என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

அந்த உறவு தீவகத்தில் அறுந்துபோயிருக்கிறது. 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளில் தீவுகளின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். தச்சர்களும் போனார்கள், தொழில் பழக வேண்டிய வயதுப் பிள்ளைகளும் போனார்கள். திரும்பியவர்கள் சிலரே. பாடசாலையும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 1972இல் வந்த கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அது கைவிடப்பட்டது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்சிக்கு ஓர் ஏற்பாடு என்றால், பத்தாண்டு பொறுமை வேண்டுகிற கைத்தொழில் எப்படி வேரூன்றும்?

இந்த இடைவெளியில்தான் வெளிநாட்டிலிருந்து பெட்டிகள் வந்து இறங்குகின்றன. பொறி வருகிறது, ஒப்படைப்பு விழா நடக்கிறது, படம் எடுக்கப்படுகிறது. மறுநாள் காலையில் பலகையை எதில் வைப்பது என்று கேட்க அங்கே எவரும் இல்லை. பணம் கொடுத்தவர் கையொப்பத்தோடு தம் கடமை முடிந்ததென நினைக்கிறார். பெற்றுக்கொண்டவர் இலவசமாக வந்த பொருளில் குறை சொல்லக் கூசுகிறார்.

என் யோசனை சிறியது. ஒரு பொறிக்குப் பணம் சேர்க்கும்போது, 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை ஒன்றுக்கும், ஊரிலுள்ள மூத்த ஓடாவியார் ஒருவரின் மூன்று நாட் கூலிக்கும் சேர்த்துச் சேருங்கள். எட்டடிக்கு நான்கடிப் பலகை ஒன்றில் ஆறு மேசைகளுக்கும் அவற்றின் வேலிகளுக்கும் துண்டுகள் கிடைக்கும். பெட்டியைத் திறக்கும் நாளில் விழா வேண்டாம். பையன்கள் நான்கு பேர் ஓடாவியாரோடு நின்று மேசையையும் வேலியையும் செய்யட்டும். அளத்தல், அறுத்தல், சீவுதல், செங்கோணம் பார்த்தல், ஒட்டுதல், பூட்டுதல் எல்லாம் அந்த ஒரு வேலையில் அடங்கியிருக்கின்றன. கையுறை அணிந்து சுழலும் அலகின் அருகே போகக்கூடாது, நீளப் பலகையின் இடப்பக்கம் தூணிலோ வேலியிலோ அணைந்திருக்க வேண்டும், பெரிய அலகுக்குக் குறைந்த வேகம் வேண்டும் என்ற பாதுகாப்புப் பாடங்களும் அங்கேயே நடந்துவிடும்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஆயத்த மேசையை வாங்கி அனுப்பினால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அனுப்பலாம். ஆனால் வாங்கிய மேசை உப்புக்காற்றில் உப்பும் நாளில் இன்னொன்றுக்காக மறுபடியும் கடிதம்தான் எழுத வேண்டிவரும். தானே செய்தவன் அடுத்ததையும் தானே செய்வான். அலுமினியக் கதவும் பிளாஸ்ரிக் கதிரையும் வந்துவிட்ட காலத்தில் தச்சு வேலை எதற்கு என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. எல்லாரும் தச்சராக வேண்டுமென்று நான் சொல்லவில்லை. கூரைச் சலாகை மாற்றவும், படகின் இருக்கைப் பலகை துளைக்கவும், பாடசாலை வாங்கின் உடைந்த காலைப் பூட்டவும் தீவுக்குள் நாலு பேர் வேண்டும். அதற்கும் ஆளில்லாமல் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் போகிற ஊரில் இளைஞர் தங்குவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஏதாவது ஓர் இயந்திரத்தின் பெயர் முன்மொழியப்பட்டால், விலையை விசாரிக்கும் முன்பு ஒரு கேள்வியைக் கேட்டு வையுங்கள்: அதற்கு மேசை செய்யப்போகிறவர் யார்? பெயர் சொல்லப்பட்டால் தாராளமாகக் கையை உயர்த்துங்கள்.