வீடு கோட்டையானால்

திருடுவது குற்றம் என்பதை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், அதே திருட்டைக் கணினித் திரையில் செய்தால் என்னவென்று சொல்வது? இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். “இப்படிப்பட்ட விளையாட்டு பிள்ளைகளுக்குத் திருடக் கற்றுக்கொடுக்கும், உடனே நிறுத்துங்கள்” என்பது பெற்றோர் பலரின் விடை. “அது வெறும் விளையாட்டுதானே!” என்பது மாணவர் பலரின் விடை. இரண்டு விடைகளும் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து. ஒரு விளையாட்டில் வரும் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அந்த விளையாட்டின் விதிகள் எதற்குப் பரிசளிக்கின்றன, எதற்கு இடமே கொடுக்காமல் விடுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

இதை விளக்க ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளர் ஜேசன் ரோரர் 2014ஆம் ஆண்டு சனவரியில் ‘தி காசல் டாக்ட்ரின்’ என்னும் விளையாட்டை வெளியிட்டார். ‘கோட்டைக் கோட்பாடு’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். பலர் இணையவழி சேர்ந்து விளையாடும் விளையாட்டு இது. கதை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடக்கிறது. ஒவ்வொரு விளையாட்டாளருக்கும் ஒரு வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள், பணம் நிறைந்த ஒரு பெட்டகம் ஆகியவை தரப்படும். அந்தப் பணத்தைக் கொண்டே வீட்டுக்குக் காவல் அமைக்க வேண்டும். மரச்சுவர், கான்கிரீட் சுவர், மின்சாரம் பாயும் தரை, காலடியில் திறந்துகொள்ளும் குழி, வேட்டை நாய் என்று விதவிதமான காவல்கள் அதில் உண்டு.

காவல் அமைப்பது பாதி வேலைதான். பணம் வேண்டுமென்றால் மற்றவர் வீட்டில் திருடப் போக வேண்டும். ரம்பம், கடப்பாரை, ஏணி, நாய்க்குப் போட மயக்க மருந்து கலந்த இறைச்சி போன்றவற்றை வாங்கிக்கொண்டு, முகம் தெரியாத ஒருவரின் வீட்டுக்குள் அவர் இல்லாத நேரத்தில் நுழையலாம். உங்கள் வீட்டுக்குள்ளும் அப்படியே ஒருவர் நுழையலாம். அகப்பட்டு இறந்தால் மறுவாய்ப்பு இல்லை. வீடு, குடும்பம், சேர்த்த பணம் எல்லாம் போய்விடும். வேறொரு பெயரில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த விளையாட்டில் எல்லாரும் வீட்டுக்காரர், எல்லாரும் திருடர்.

இதைக் கேட்டவுடன் “இதில் நல்லது என்ன இருக்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். ஒன்று இருக்கிறது. திருட்டுப் போனவரின் வலியை இந்த விளையாட்டு மறைப்பதில்லை. பல மணி நேரம் உழைத்துக் கட்டிய வீட்டுக்குத் திரும்பும் விளையாட்டாளர் உடைந்த சுவரையும் காலியான பெட்டகத்தையும் பார்க்கிறார். திருடன் எந்தக் கதவு வழியாக வந்தான், எங்கே தயங்கினான், எதை உடைத்தான் என்பதைக் கண்காணிப்புப் பதிவில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க முடிகிறது. தாம் நேற்று இன்னொருவர் வீட்டில் செய்த அதே வேலையை இன்று மறுபக்கத்திலிருந்து காண்கிறார்.

உங்களில் பலருக்குத் தெரிந்த ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ விளையாட்டுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பின்லாந்தைச் சேர்ந்த சூப்பர்செல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அந்த விளையாட்டிலும் பிறர் ஊரைத் தாக்கிப் பொருளைக் கவர்வதே முக்கிய வேலை. ஆனால், சேர்த்துவைத்த பொருளில் ஒரு பகுதியை மட்டுமே எதிரி எடுத்துச் செல்ல முடியும். இடிந்த கட்டடங்கள் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பெரிய அழிவு நேர்ந்தால் அடுத்த தாக்குதல் வராமல் காக்க ஒரு கேடயமும் கிடைக்கும். அதனால் கொள்ளையடிப்பது கை தட்டிச் சிரிக்கும் வேடிக்கையாகிவிடுகிறது. இரண்டில் எது திருட்டைப் பற்றி உண்மையைச் சொல்கிறது? பார்ப்பதற்கு வண்ணமயமாகவும் குறும்பாகவும் இருக்கும் விளையாட்டைவிட, இழப்பை இழப்பாகவே காட்டும் விளையாட்டு கூடுதல் நேர்மையானது என்பேன்.

நம் சடுகுடுவிலும் படையெடுப்பு உண்டு. ஒருவர் மூச்சடக்கிப் பாடியபடி எதிரணியின் எல்லைக்குள் புகுகிறார். தொட்டுவிட்டுத் திரும்பப் பார்க்கிறார். எதிரணியினர் அவரைச் சூழ்ந்து பிடிக்கப் பார்க்கின்றனர். ஆனால், ஆட்டமிழந்து வெளியே உட்கார்ந்தவர், தம் அணி எதிரணியில் ஒருவரை வீழ்த்தியதும் மீண்டும் உள்ளே வரலாம். ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கை குலுக்கிப் பிரிவர். யார் நம்மைப் பிடித்தார், யாரை நாம் தொட்டோம் என்பது நம் கண்ணுக்குத் தெரியும். கோட்டைக் கோட்பாட்டில் இவை எதுவுமே இல்லை. எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாது. தோற்றவர் திரும்பி வருவதில்லை. கை குலுக்க ஆளும் இல்லை. சடுகுடுவில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தோழர் நிற்கிறார்; இந்த விளையாட்டில் கதவுக்கு அப்பால் சந்தேகம் நிற்கிறது.

அந்தச் சந்தேகம் வீட்டை எப்படி மாற்றுகிறது என்பதுதான் இந்த விளையாட்டின் மிக ஆழமான பகுதி. வீட்டில் ஒரு பொறியை வைத்தால், உரிமையாளர் தாமே எந்தக் கருவியும் இல்லாமல் வாசலிலிருந்து பெட்டகம் வரை நடந்து காட்ட வேண்டும் என்பது ஒரு விதி. தாம் வைத்த பொறியில் தாமே சிக்கினால் அவருக்கும் சாவுதான். அடுத்த வீட்டுத் திருடனுக்காக வெட்டிய குழியில் வீட்டுக்காரரே விழுவது இந்த விளையாட்டில் வழக்கமான முடிவு. ‘கெடுவான் கேடு நினைப்பான்’ என்பது நமக்குத் தெரிந்த பழமொழி. தீங்கு எதுவும் நினைக்காமல், அச்சத்தினால் மட்டும் பொறி வைப்பவரும் கெடுவார் என்று இந்த விளையாட்டு காட்டுகிறது.

இது கற்பனை உலகத்துக்கு மட்டும் உரிய செய்தியா? நம் தாமான்களில் உள்ள வீடுகளைப் பாருங்கள். வாசலில் இரும்புக் கிரில், சன்னலில் இரும்புக் கிரில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. திருடனுக்கு அஞ்சி நாம் இவற்றைப் பொருத்துகிறோம். அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. ஆயினும், இரவில் தீப்பிடித்தால் சாவி எங்கே இருக்கிறது என்று தேடும் நிலை வந்தால், திருடனைத் தடுத்த அதே கம்பிகள் குடும்பத்தையும் தடுத்துவிடும். அதனால்தான் கிரில் சாவியை வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்த இடத்தில் வைக்கும்படி நமக்குச் சொல்லப்படுகிறது. பாதுகாப்பு என்பது உள்ளே வருபவரைத் தடுப்பதோடு முடிவதில்லை. உள்ளே இருப்பவர் வெளியேற வழி விடுவதும் அதில் அடங்கும்.

இனி, விளையாட்டின் பெயருக்கு வருவோம். வீட்டைக் கோட்டையாகக் கருதும் எண்ணம் இங்கிலாந்துச் சட்டத்தில் வேரூன்றியது. 1604ஆம் ஆண்டு தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு வழக்கைப் பதிவு செய்த சர் எட்வர்ட் கோக், ஒருவரின் வீட்டை அவருடைய கோட்டைக்கு ஒப்பிட்டார். அரசு அதிகாரியே வந்தாலும் கதவை உடைப்பதற்கு முன் தாம் வந்த காரணத்தை அறிவிக்க வேண்டும் என்பது அந்த வழக்கு தந்த முக்கியமான கருத்து. இந்த எண்ணம் அமெரிக்காவில் வேறொரு வடிவம் பெற்றது. வீட்டுக்குள் அத்துமீறி நுழைபவரிடமிருந்து தற்காத்துக்கொள்ள வலிமையைப் பயன்படுத்தும் உரிமையைப் பல மாநிலங்களின் சட்டங்கள் உரிமையாளருக்குத் தருகின்றன.

ஆனால், அங்கேயும் அந்த உரிமைக்கு எல்லை உண்டு. அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியருக்குச் சொந்தமான பழைய பண்ணை வீடு ஆளில்லாமல் கிடந்தது. அதில் அடிக்கடி ஆள்கள் நுழைந்ததால், கதவைத் திறந்ததும் துப்பாக்கி தானாகச் சுடும்படி அவர்கள் ஒரு பொறியை வைத்தனர். 1967இல் பழைய கண்ணாடிப் புட்டிகளை எடுக்க உள்ளே புகுந்த ஒருவரின் காலை அது சிதைத்தது. அவர் செய்தது திருட்டுதான். அதற்கு அவர் தண்டனையும் பெற்றார். ஆயினும், அவருக்கு 30,000 டாலர் இழப்பீடு கொடுக்கும்படி வந்த தீர்ப்பை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1971இல் உறுதி செய்தது. ஆளில்லாத வீட்டில் கிடக்கும் பொருளைக் காக்க மனித உயிரைப் பறிக்கக்கூடிய பொறியை வைக்கக் கூடாது என்பதே அதன் சாரம். விளையாட்டில் பரிசு பெற்றுத்தரும் பொறி, நீதிமன்றத்தில் குற்றமாக நிற்கிறது.

நம் நாட்டின் தண்டனைச் சட்டத்திலும் 96ஆம் பிரிவு முதல் 106ஆம் பிரிவு வரை தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசப்படுகிறது. உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. ஆனால், தற்காப்புக்குத் தேவையான அளவைவிடக் கூடுதலான தீங்கைச் செய்யக் கூடாது என்று 99ஆம் பிரிவு வரையறுக்கிறது. அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அதை நாட வேண்டும் என்பதும் அதில் உள்ள கருத்து.

‘உதவியை நாடுவது’ என்ற இந்தச் செயலுக்குத்தான் கோட்டைக் கோட்பாட்டில் இடமே இல்லை. அங்கே காவல் நிலையம் இல்லை, நீதிமன்றம் இல்லை, குரல் கொடுத்தால் ஓடிவரும் அண்டை வீட்டாரும் இல்லை. கதவருகே வரும் ஒவ்வொருவரும் திருடர். அப்படிப்பட்ட உலகில், பறிகொடுத்தவர் இழந்ததை மீட்க இன்னொருவரிடம் பறிக்கிறார். அவர் வேறொருவரிடம் பறிக்கிறார். ஒருவர் தம் பாதுகாப்புக்காகச் செய்யும் முயற்சி அடுத்தவரை அச்சுறுத்த, அவரும் தம் பாதுகாப்பைப் பெருக்க, முடிவில் இருவருமே முன்பைவிட ஆபத்தில் சிக்குவதை அரசியல் அறிஞர் ஜான் ஹெர்ஸ் 1950இல் ‘பாதுகாப்பு இக்கட்டு’ என்று குறிப்பிட்டார். அவர் நாடுகளைப் பற்றிப் பேசினார். வீடுகளுக்கும் அது பொருந்தும் என்பதை இந்த விளையாட்டு காட்டுகிறது.

உண்மை உலகம் அப்படியே நின்றுவிடவில்லை. விளையாட்டு காட்டும் அந்தக் காலத்தில்தான், சரியாகச் சொன்னால் 1991இல், அமெரிக்காவில் வன்முறைக் குற்றங்களின் வீதம் உச்சத்தைத் தொட்டது. இந்த விளையாட்டு வெளிவந்த 2014இல் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அதற்கு அறிஞர்கள் பல காரணங்களை முன்வைக்கின்றனர். காவல்துறையின் செயல்பாடு, பொருளாதாரம், மக்கள்தொகையில் ஏற்பட்ட மாற்றம் என்று அவர்கள் விவாதிக்கும் காரணங்களில் பெரும்பாலானவை, தனி ஒருவர் தம் வீட்டுக்குள் செய்துகொள்ள முடியாதவை. நம் நாட்டில் 1975இல் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்காவும் இதே உண்மையின் மேல் கட்டப்பட்டதுதான். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பதும் ஒரு பூட்டுதான். அதற்குச் சாவி தேவையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்க்கருத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். திருக்குறளில் ‘கள்ளாமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. பிறர் பொருளைக் கவர வேண்டும் என்று மனத்தால் எண்ணுவதையே தீமை என்று வள்ளுவர் கருதினார். அப்படியானால், திரையில் திட்டமிட்டுத் திருடுவது மட்டும் எப்படிச் சரியாகும்? இந்தக் கேள்வியை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். நாடகத்தில் இராவணனாக நடிப்பவர் தீயவர் ஆகிவிடுவதில்லை. விளையாடுபவரும் ஒரு வேடத்தைத்தான் ஏற்கிறார். ஆனால், நடிகர் ஒப்பனையைக் கலைக்கிறார். விளையாடுபவரும் கலைக்க வேண்டும். விளையாட்டை மூடிய பிறகும் பிறர் உழைப்பு மலிவாகத் தெரிந்தால், அங்கே வள்ளுவரின் எச்சரிக்கை பொருந்துகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டில் குடும்பத்தினரும் கொல்லப்படலாம். திருடும் நோக்கில் வருபவர், மனைவியின் கையிலிருக்கும் பணத்துக்காக அவரைக் கொல்ல விதிகள் இடம் தருகின்றன. ஆகவே, இதைக் கீழ்ப்படிவ மாணவர்கள் விளையாட வேண்டும் என்று நான் பரிந்துரைக்கவில்லை. ஒரு விளையாட்டைப் பற்றிச் சிந்திப்பதற்கு அதை விளையாடியிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வயதுக்கேற்ற தரக்குறியீட்டை மதிப்பது கோழைத்தனம் ஆகாது.

மாணவர்களே, உங்கள் திறன்பேசியில் இன்று இருக்கும் விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வென்றபோது யார் எதை இழந்தார்? அந்த இழப்பை விளையாட்டு உங்களுக்குக் காட்டியதா, மறைத்ததா? உதவி கேட்கவும் சமாதானம் பேசவும் அதில் ஒரு வழி இருந்ததா? இந்தக் கேள்விகளை உங்கள் பெற்றோருடன் பேசிப் பாருங்கள். “நிறுத்து” என்பதற்கும் “வெறும் விளையாட்டு” என்பதற்கும் இடையில் ஒரு நல்ல உரையாடல் பிறக்கும். கோட்டைக் கோட்பாட்டின் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. அவர்கள் ஒருவர் கதவை மற்றவர் உடைத்தார்களே தவிர, யாரும் ஒரு முறைகூடத் தட்டவில்லை.