சான்று காணாக் கல்வி

டார்வினின் கூர்ப்புக் கொள்கையை ஜெர்மனியில் முழங்கிய எர்ன்ஸ்ட் ஹெக்கல், 1881 நவம்பரில் கொழும்பில் வந்திறங்கினார். கொட்டாஞ்சேனையை அடுத்த முகத்துவாரத்தில், களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்தருகே தங்கினார். கருக்களின் ஒற்றுமையை மிகைப்படுத்தி அவர் தீட்டிய படங்களை அவர் காலத்து அறிஞரே மறுத்தனர். ஆயினும் கொள்கை வீழவில்லை. ஆளை நம்பி ஏற்கப்பட்டதாயின் அன்றே வீழ்ந்திருக்கும்.

மனிதன் குரங்கின் பிள்ளை என்று அக்கொள்கை கூறவில்லை; இருவர்க்கும் முன்னோர் ஒருவரே என்கிறது. ஓரினத்து உயிர்கள் தம்முள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளுட் பல பரம்பரையாய் இறங்குகின்றன. சூழலுக்கு இசைந்தவை மிகுதியாய்ப் பிழைத்து மிகுதியாய் ஈன, தலைமுறைதோறும் இனத்தின் இயல்பே மாறுகிறது.

இதனைக் காண ஊழிகள் கழிய வேண்டியதில்லை. டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லியைத் தெளித்து மலேரியாவை ஒடுக்கிய இலங்கையில், 1963இல் நோயுற்றோர் 17 பேரே. தெளிப்புத் தளர்ந்தபின் நோய் மீண்டெழுந்து, 1968, 1969 ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோரை வருத்தியது. மறுபடி மருந்தை எடுத்தபோது அதற்கு மசியாத நுளம்புகள் பெருகலாயின. நுளம்பு எதனையும் கற்றுக்கொள்ளவில்லை. தற்செயலாய் எதிர்ப்பாற்றல் வாய்த்திருந்த சில மடியாது எஞ்சின. அவற்றின் வழித்தோன்றல்களே ஆற்றுக் குட்டைகளை நிரப்பின. மலத்தியோன் என்னும் வேறொரு பூச்சிகொல்லிக்கு மாறுவதன்றி அரசுக்கு வேறு வழியிருக்கவில்லை.

மாறிய உயிர்களுக்கன்றி மறைந்த உயிர்களுக்கும் இங்கே சான்றுண்டு. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளர் பி.ஈ.பி. தெரணியகல 1939இல் இலங்கைச் சிங்கத்தை விவரித்தது பல்லைக் கொண்டே. நாட்டின் கொடியில் வாளேந்தி நிற்கும் விலங்கு இம்மண்ணில் விட்டுச்சென்றது அவ்வளவே.

இவற்றினும் நுட்பமான சான்று நம் ஈரக்காடுகளில் உள்ளது. பனியூழியில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்தபோது பாக்கு நீரிணை நிலமாய்க் கிடந்தது. அங்ஙனமாயின் இரு கரைத் தவளைகளும் ஒன்றாகவன்றோ இருத்தல் வேண்டும்? 2004இல் வெளியான மரபணு ஆய்வு வேறு கூறிற்று. இலங்கையின் மரத்தவளைகள், நன்னீர் நண்டுகள் முதலியவற்றுட் பல, மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள தம் உறவினங்களினின்றும் நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்து, இத்தீவிலேயே கிளைத்தவை. பாலம் இருந்தும் உறவு அற்றதேன்? இடைக்கிடந்த வறள்நிலத்தை ஈரக்காட்டுயிர்கள் கடக்க இயலாமற் போனமையே தகுந்த விளக்கமாகும்.

இத்தகைய சான்றுகள் அருகிருந்தும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலைதோறும் நிரம்பும் தனியார் வகுப்புகளில், கலாபகொஸ் தீவுகளின் குருவிகளை மனனஞ் செய்து புள்ளி பெறுகின்றனர் நம் பிள்ளைகள். டார்வின் சொன்னார் என்று எழுதிவிட்டால் விடை முற்றுகிறது. அறிவியலைச் சுருதியாக்கும் இப்பழக்கம் மாற வேண்டும். உயர்தர வினாத்தாள், கொள்கையின் பெயரைக் கேளாது சான்றைத் தந்து காரணம் கேட்கட்டும். பாடநூல் இயற்றுவோர் நுளம்பையும் மரத்தவளையையும் முதலில் வைத்து, குருவிகளைப் பின்னர்க் கூறட்டும். பாடசாலைகள் மாணவரை ஒரு முற்பகலேனும் நூதனசாலைக்கு அழைத்துச் செல்லட்டும்; வெள்ளவத்தையிலிருந்து அது தொலைவில் இல்லை.