குடுவைச் செடிக்கும் பூர்வீகம் உண்டு

நெப்பந்தஸ் எனப்படும் குடுவைச் செடியை அழகுக்காக வளர்ப்பதில் பலருக்கு ஆர்வம் உண்டு. ஆனால், வாங்கும் செடி எந்த மலையைச் சேர்ந்தது, எந்தக் கடற்கரையைச் சேர்ந்தது என்று கேட்போர் மிகக் குறைவு. இது சரியான வழக்கமன்று.

போர்னியோவின் கினபாலு மலையில் 1500 மீட்டருக்கு மேல் வளரும் 'ராஜா' இனத்திற்குக் குளிர்ந்த இரவு தேவை. தாழ்நிலக் காட்டில் வளரும் 'ஆம்புல்லேரியா' அக்குளிரைத் தாங்காது. அதன் குடுவை பூச்சியைவிட உதிர்ந்த இலைச் சருகையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஊர் தெரியாமல் பக்குவம் செய்ய இயலாது என்பதற்கு இவையே சான்று.

ஒரே இனத்திற்குள்ளும் வேறுபாடு உண்டு. தென் சீனா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள 'மிராபிலிஸ்' இனத்தின் குடுவை பொதுவாக உருளை வடிவானது. தாய்லாந்தின் அந்தமான் கடலோர வகைக்கோ குடுவை பந்துபோல் உருண்டிருக்கும். சரவாக், புரூணை வகையின் குடுவை வாய் அகன்று விரிந்திருக்கும். இவற்றை ஒட்டுச் சேர்த்துவிட்டால் பழைய வகையை மீட்க முடியாது. ஒட்டினம் வளர்ப்பதில் தவறில்லை. அதை அசல் இனமென்று விற்பதே தவறு.

நெல் விதைப் பண்ணையில் கலவன் நீக்குவதை உழவர் அறிவர். அதே கண்டிப்பு இங்கும் வேண்டும். குடுவைச் செடியில் ஆண், பெண் தனித்தனி. திசு வளர்ப்பில் ஒரு செடியிலிருந்து ஆயிரம் கன்று எடுத்தாலும் அத்தனையும் ஒரே பால். ஆகவே, ஒரே ஊரைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் இருந்தால்தான் தூய விதை கிடைக்கும். பெயர்ச்சீட்டு தொலைந்த செடி இதற்குப் பயன்படாது.

வளர்ப்பு முறை எளிது. வளமான மண்ணும் உரமும் கூடாது. உப்பு நீங்கக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டுகளும் பாசியும் போதும். உப்பு மிகுந்த கிணற்று நீரைத் தவிர்த்து மழைநீர் ஊற்றலாம். வெளிச்சமுள்ள அரை நிழலும் காற்றில் ஈரமும் வேண்டும்.

இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே இனம் மேகாலயாவின் 'காசியானா'. காரோ மக்கள் இதைப் பேயின் கூடை என்ற பொருளில் 'மேமாங் கோக்சி' என்பர். சுரங்கத்தாலும் காடழிப்பாலும் செடி பறிப்போராலும் இது அருகி வருகிறது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற இச்செடியை உரிமமின்றிப் பயிரிடவோ விற்கவோ கூடாது.

காட்டில் பறித்த செடியை வாங்க மறுப்பதும், வாங்கிய செடியின் ஊரையும் பாலையும் குறித்து வைப்பதும் வளர்ப்போர் கடமை. அந்தச் சிறு சீட்டு இல்லையேல், காடு அழிந்தபின் தொட்டியில் எஞ்சுவது பெயரற்ற ஓர் அழகுச் செடி மட்டுமே.