கேட்டால்தான் காட்டுவார்களா?

தகவல் உரிமைச் சட்டத்தைப் புகழ்கிறவர்கள் எல்லோரும் பத்து ரூபாயைப் பற்றியே பேசுகிறார்கள். பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு மனு, முப்பது நாள் தவணை. பதில் வராவிட்டால் மேல்முறையீடு. நல்ல சட்டந்தான். 2005-ம் வருஷம் பார்லிமெண்டில் அது நிறைவேறியபோது நானும் சந்தோஷப்பட்டேன். அதற்கும் எட்டு வருஷம் முந்தி, 1997-லேயே, தமிழ்நாடு இப்படி ஒரு சட்டம் செய்ததுண்டு. (அதில் கதவைக் காட்டிலும் தாழ்ப்பாள்கள் அதிகம் என்பது வேறு விஷயம்.)

ஆனால் இந்த மனு மகாத்மியத்தில் சட்டத்தின் நாலாவது பிரிவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தயவு செய்து ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். முக்கியமான கொள்கை வகுக்கும்போதும், ஜனங்களைப் பாதிக்கிற முடிவை அறிவிக்கும்போதும், அதைப் பற்றிய விவரங்களையெல்லாம் இலாகா தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. பாதிக்கப்படுகிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. உள்ளூர்ப் பாஷையைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதற்கெல்லாம் யாரும் மனுப் போட வேண்டியதில்லை. அப்படியிருக்க, தன் நிலத்தின் வழியாக என்ன வரப் போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு குடியானவன் மனு எழுதுகிறான் என்றால், அந்த இலாகா ஏற்கெனவே சட்டத்தை மீறிவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

இதற்கு உதாரணம் தேடி டில்லிக்குப் போக வேண்டாம். 2018-ல் எங்கள் சேலத்திலேயே பார்த்தோம். சேலத்துக்கு அருகே அரியானூரில் தொடங்கிச் சென்னைக்கு எட்டு வழிச் சாலை, 277 கிலோமீட்டர், மதிப்பீடு பத்தாயிரம் கோடி ரூபாய். சேலத்துக்கும் சென்னைக்கும் நடுவே உளுந்தூர்ப்பேட்டை வழியாக ஒன்று, கிருஷ்ணகிரி வழியாக ஒன்று என்று இரண்டு பெரிய ரோடுகள் இருக்கும்போது மூன்றாவது எதற்கு? சாலை வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தை இங்கே நான் எடுக்கவில்லை. என் கேள்வி அதைவிடச் சின்னது. அந்த ஜூன் மாதம் போலீஸ் பந்தோபஸ்துடன் வந்து பூலாவரியிலும் குப்பனூரிலும் கல் நட்டார்களே, அதற்கு முன்னால் அந்தக் கோடு எந்த வழியாகப் போகிறது என்று அந்த ஜனங்களுக்குத் தமிழில் ஒரு படம் காட்டியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

பட்டணத்து வாசகர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். எங்கள் சமவெளியின் சங்கதி அப்படி. மோகனூர், பரமத்தி வேலூர் மாதிரி காவிரி வாய்க்கால் பாயும் சில ஊர்களை விட்டுவிட்டால், மற்ற இடங்களில் தென்னையும் பாக்கும் மஞ்சளும் மரவள்ளியும் கிணற்றை நம்பித்தான் நிற்கின்றன. நாலு ஏக்கரில் ஒரு மூலையைச் சாலை எடுத்துக்கொள்ளலாம். அந்த மூலையில் கிணறு இருந்தால் மிச்ச மூன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “ரோடு வரட்டுமுங்க, வராமப் போகட்டுமுங்க. கெணறு அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்களே!”

1956-ம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, ஆட்சேபணை சொல்ல இருபத்தொரு நாள் அவகாசம் உண்டு. பத்திரிகையில் அறிவிக்கை வரும். அதில் சர்வே நம்பரும் பரப்பும் இருக்கும். கோடு ஏன் இப்படித் திரும்பியது, வேறு எந்த வழிகளைப் பரிசீலித்தார்கள், ஏன் தள்ளினார்கள்? இதெல்லாம் தெரியாமல் எதை ஆட்சேபிப்பது? “என் நிலத்தை எடுக்காதீர்கள்” என்று ஒரு வரி எழுதலாம். “ஆட்சேபணையில் சாரமில்லை” என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம்.

இதைவிட விசித்திரம், முதல் அறிவிக்கை வந்த மாத்திரத்திலேயே வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றப்பட்டதுதான். 2019 ஏப்ரல் 8-ந்தேதி சென்னை ஹைகோர்ட்டு அறிவிக்கைகளை ரத்து செய்தபோது, கணக்குகளைப் பழையபடி திருத்தவும் உத்தரவிட்டது. 2020 டிசம்பர் 8-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அறிவிக்கைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் பெயர் மாற்றம் தப்பு என்பதை அதுவும் ஒப்புக்கொண்டது. சொந்தக்காரன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வாசலில் வேறொருவர் பெயர்ப் பலகை மாட்டியாயிற்று!

உத்தியோகஸ்தர்கள் சொல்லும் சமாதானம் எனக்குத் தெரியும். “முன்கூட்டிச் சொன்னால் தரகர்கள் நிலத்தை வாங்கிக் குவித்துவிடுவார்கள், ஸார்!” என்பார்கள். தரகருக்குத் தெரியாமல் நம் ராஜ்யத்தில் எந்த ரோடாவது போட்டதுண்டா? தரகர்தான் முதலில் தெரிந்துகொள்கிறார். கடைசியில் தெரிந்துகொள்வது நிலத்துக்காரன். ஆக, இந்த ரகசியம் யாரிடமிருந்து காப்பாற்றப்படுகிறது?

“ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்பது அடுத்தது. புலப்படத்தில் விரல் வைத்துத் தன் வரப்பைக் காட்டுகிறவனுக்கா புரியாது? அவனுக்குப் புரியாதது இங்கிலீஷ். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் நகலை மத்திய சர்க்கார் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் வெளியிட்டது. மற்ற தேச பாஷைகளிலும் மொழிபெயர்த்துப் போடுங்கள் என்று டில்லி ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. சர்க்கார் என்ன செய்தது? மொழிபெயர்ப்பாளரைத் தேடவில்லை, வக்கீலைத் தேடிக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

நானும் ஒரு சமயம் ஓர் ஆபீஸுக்குப் போய் (எந்த ஆபீஸ் என்பது எதற்கு?) ஒரு வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். குமாஸ்தா மரியாதையாகவே பேசினார். “உங்களுக்கு அங்க நெலம் இருக்குதுங்களா?” “இல்லை.” “பின்னே எதுக்குங்க கேக்கறீங்க?” காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டத்தின் ஆறாவது பிரிவில் இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரம் என்று எழுந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. காட்டினால் நாளைக்கு மேலதிகாரி அவரைத்தான் கேட்பார். காட்டாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டா, ‘அ’ பதிவேடு, வில்லங்க விவரம் எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் இப்போது வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். ஒரு காலத்தில் இவற்றுக்காக எத்தனை தடவை கச்சேரிக்கு நடந்தோம்! திறந்து வைத்ததனால் எந்த இலாகாவும் இடிந்து விழுந்துவிடவில்லை. பழைய கணக்கைக் காட்டத் தெரிந்த சர்க்காருக்கு, நாளை வரப் போகிற கோட்டைக் காட்ட மட்டும் ஏன் கை கூசுகிறது?

நான் கேட்பது அதிகமில்லை. இனி எந்த ரோடானாலும் சரி, முதல் கல் நடுவதற்கு முன்னால் அந்தந்தக் கிராம நிர்வாக ஆபீஸ் சுவரில் படத்தை ஒட்டட்டும். தமிழில் இருக்கட்டும், சர்வே நம்பர் இருக்கட்டும், கிணறு ஒவ்வொன்றும் குறித்திருக்கட்டும். தள்ளிவிட்ட வழிகளையும், தள்ளிய காரணத்தையும் பக்கத்திலேயே எழுதட்டும். மே தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் காந்தி ஜயந்திக்கும் கிராம சபை கூடுகிறதே, அங்கே அதை உரக்கப் படிக்கட்டும். படிக்க ஆள் இல்லை என்று இலாகா சொல்லுமானால், பூலாவரியில் தோட்டத்துக்கு ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போய் வந்திருக்கிறது; கூப்பிட்டால் வரும்.