பையனிடம் பந்து... கரையில் கத்தல்!

பள்ளிக்கூட ஆக்கிப் போட்டி எதையாவது பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பந்து ஒரு பையனிடம் வந்ததும் கரையிலிருந்து சத்தம் கிளம்பும்: "வச்சுக்காதேடா, அடிச்சு விடு!"

அவனும் அடித்து விடுகிறான். பந்து எதிர்க்கட்சிக்காரனிடம் போய்ச் சேர்கிறது. கோச்சுக்குத் திருப்தி! பையன் அன்றைக்கு என்ன கற்றான்? பந்து வந்தால் பயப்படக் கற்றான்.

முன்வரிசை ஆட்டம் தப்பு செய்து செய்துதான் வரும். ஓடிக்கொண்டே பந்தை வாங்குவது, ஸ்டிக்கைத் திருப்பி 'ரிவர்ஸ்' அடிப்பது, 'டி' வட்டத்துக்குள் ஒருத்தனை ஏமாற்றிவிட்டு இன்னொருத்தனுக்குத் தள்ளுவது... எல்லாமே ஆரம்பத்தில் பறிபோகிற பந்துதான். பறிகொடுத்தவனைத் திரும்பி ஓடி மீட்கச் சொல்லட்டும், அது நியாயம். முயன்றதற்கே திட்டினால் அடுத்த தடவை எவன் முயலுவான்?

சென்னைக்காரர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. 2025 டிசம்பர் 10. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம். ஜூனியர் உலகக் கோப்பையில் மூன்றாவது இடத்துக்கான ஆட்டம். அர்ஜென்டினா 2, இந்தியா 0. பாக்கி இருந்தது கடைசி 15 நிமிடம். அரை இறுதியில் ஜெர்மனியிடம் 5-1 என்று உதை வாங்கிய அதே பையன்கள்தான். திட்டு வாங்கியே வளர்ந்த கோஷ்டியாக இருந்தால் அங்கேயே சுருண்டிருக்கும். இவர்களோ ஏறி ஆடி 4 கோல் போட்டார்கள்! வெண்கலம் கிடைத்தது.

கோச் யார் தெரியுமா? ஸ்ரீஜேஷ். கோலைத் தடுத்தே பேர் வாங்கிய மனுஷன்! எந்தப் பந்து கோல்கீப்பர் வயிற்றைக் கலக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

2016ல் லக்னோவிலும் இதே கதை. ஹரேந்திர சிங் வளர்த்த பையன்கள் ஜூனியர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்றார்கள். கோல் போட்டவர்கள் குர்ஜந்த், சிம்ரன்ஜீத். அதே சிம்ரன்ஜீத் 2021ல் டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 2 கோல் போட்டார். 5-4! ஆக்கியில் 41 வருஷம் கழித்து ஒலிம்பிக் பதக்கம்.

இப்படிப் பொறுத்திருக்கத்தான் ஆளில்லை. 2014க்கும் 2017க்கும் நடுவில் சீனியர் அணியைவிட்டு டெர்ரி வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மான்ஸ் என்று மூன்று கோச்சுகள் போனார்கள். ஒருத்தர் 'ஏறு' என்பார், அடுத்தவர் 'இரு' என்பார். ஆடுகிறவன் யார் பேச்சைக் கேட்பான்?

பள்ளிக்கூட கோச்சை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. கோப்பை வராவிட்டால் அவர் வேலைக்கே ஆபத்து. அவர் கத்தாமல் என்ன செய்வார்? 13 வயசுப் பையன்கள் வாங்கிய கோப்பையை எண்ணுவதை விட்டுவிட்டு, அவர் கையில் வளர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்று வருஷம் கழித்தும் ஆடுகிறார்கள் என்று நிர்வாகம் கேட்கட்டும்.

கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வம், 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டாரே! சின்ன வயசில் அவர் பறிகொடுத்த பந்துகளுக்கு யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா?