மோட்டார் ரூமில் இனி ஆள் இல்லை: ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் காவல் இருக்கிறதா?



ஒத்தக்கடையில் உள்ள எங்கள் வேளாண்மைக் கல்லூரிக்கு வரும் விவசாயிகள் முன்பெல்லாம் விதை, உரம், பூச்சி பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "சார், போன்ல மோட்டார் போடுற பெட்டி வாங்கலாமா?" என்பதுதான் அது. மேலூர், அழகர்கோவில், அலங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது.

வாங்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மேலூர் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது இது. கிணற்றுக்குள் இறங்கி, பைப் இணைப்பில் நீர் கசிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இல்லாத மகன், "பூவுக்குத் தண்ணி விடணுமே" என்ற அக்கறையில் போனில் இருந்தே மோட்டாரைப் போட்டுவிட்டார். "நான் கெணத்துக்குள்ள நிக்கிறேன், பய அங்கிருந்து மோட்டாரைப் போட்டுட்டான் சார். பைப்புல வச்ச கைய வெடுக்குனு எடுத்துட்டேன்" என்றார். அன்று மோட்டாரில் மின் கசிவு இல்லாததால் அவர் பிழைத்தார். இருந்திருந்தால் அந்த வீட்டில் நடந்திருக்கக்கூடியதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மகன் மீதும் தப்பில்லை, பெட்டி மீதும் தப்பில்லை. மோட்டார் போடும் ஆள் மோட்டார் பக்கத்தில் இல்லை என்பதுதான் புதிதாக வந்திருக்கும் நிலைமை.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

தமிழ்நாட்டில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட் மின்சாரம் இலவசமானது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புதிய இணைப்புகள் தரும் திட்டம் தொடங்கியது. அடுத்து 2022 நவம்பரில் மேலும் 50,000 இணைப்புகளுக்கான திட்டம் வந்தது. ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து காத்திருந்த பலருக்கு இப்படித்தான் கம்பி வந்தது.

இன்னொரு பக்கம், கைபேசி மூலம் பம்பு செட்டை இயக்கும் தானியங்கிக் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் பாம்புக்கும் இருட்டுக்கும் பயந்து வரப்பில் நடக்க வேண்டாம் என்பது பெரிய நிம்மதிதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால், மீட்டர் வரைக்கும்தான் அரசாங்கத்தின் மின்சாரம். மீட்டருக்குப் பின்னால் உள்ள சுவிட்ச், பீஸ், ஸ்டார்ட்டர், எர்த் எல்லாம் உங்கள் பொறுப்பு. மின்சாரம் இலவசம் என்றாலும் மோட்டாரும் உயிரும் இலவசம் இல்லை.

ஆள் நின்று செய்த வேலை என்ன?

பத்து வருஷத்துக்கு முன் மோட்டார் போட நீங்களே போவீர்கள். பட்டனை அமுக்கியதும் காது கொடுத்துக் கேட்பீர்கள். "ஊம்..." என்று உறுமினால் உடனே நிறுத்துவீர்கள். தண்ணீர் வராவிட்டால் நிறுத்துவீர்கள். கருகல் வாடை வந்தாலும் நிறுத்துவீர்கள். உங்கள் காது, கண், மூக்கு மூன்றும்தான் அந்த மோட்டாருக்குக் காவல்.

போன் பெட்டி வந்த பிறகு கை மட்டும்தான் போனுக்கு மாறியது. காது, கண், மூக்கின் வேலையை யார் செய்வது? ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பாகங்கள்தான் செய்ய வேண்டும். அவை இல்லாமல் போன் பெட்டியை மட்டும் மாட்டினால், காவல்காரனை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து போட்ட கதைதான்.

உறுமலைக் கேட்பது: சிங்கிள் பேஸ் பிரிவென்டர்

மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால், நின்றிருக்கும் மோட்டார் சுற்றாமல் உறுமும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரோ நிற்காமல் ஓடும். அதே சுமையை இழுக்க, மீதி இரண்டு கம்பிகளில் சுமார் 1.7 மடங்கு மின்னோட்டம் பாயும். காயில் சூடேறிச் சில நிமிடங்களில் கருகிவிடலாம். நீர்மூழ்கி மோட்டார் பல நூறு அடி ஆழத்தில் கிடப்பதால் உறுமினாலும் உங்களுக்குக் கேட்காது.

பேஸ் போனதும், அல்லது மூன்று பேஸும் ஏற்றத்தாழ்வாக வந்ததும் மோட்டாரை நிறுத்துவதுதான் பிரிவென்டரின் வேலை. வோல்டேஜில் நூற்றுக்கு ஒரு பங்கு ஏற்றத்தாழ்வு வந்தாலே, மின்னோட்டத்தில் 6 முதல் 10 பங்கு வரை ஏற்றத்தாழ்வு வரும். வோல்டேஜ் மீட்டர் முள்ளைக் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

சூட்டைப் பார்ப்பது: ஓவர்லோடு ரிலே

உங்கள் ஸ்டார்ட்டரில் எண்கள் போட்ட சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதுதான் ரிலே அளவு. மோட்டார் அடிக்கடி நின்றால், பலர் அந்தத் திருகைக் கடைசி எண் வரை திருகி விடுகிறார்கள். காய்ச்சல் அடிக்கும்போது தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது இது.

மோட்டாரில் உள்ள தகட்டில் ஆம்பியர் எண் இருக்கும். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் ரிலே அந்த எண்ணில் இருக்க வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு அது சுமார் 7.5 ஆம்பியர் வரும். நீர்மூழ்கி மோட்டாருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் பொதுவாக ரிலே காயில் வழியில் இருப்பதால், தகட்டு எண்ணை 0.58-ஆல் பெருக்கி வைக்க வேண்டும். தகட்டில் 15 ஆம்பியர் என்றால் ரிலே 8.7-ல் இருக்க வேண்டும். 15-லேயே வைத்தால் அந்த ரிலே இருந்தும் இல்லாதது போல்தான்.

தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது: டிரை ரன் பாதுகாப்பு

நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர வைப்பதே சுற்றியுள்ள தண்ணீர்தான். நீர்மட்டம் இறங்கிய பிறகும் ஓடினால் மோட்டாரும் புஷ்ஷும் வீணாகும். தண்ணீர் இல்லாமல் ஓடும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் குறையும். அதை உணர்ந்து நிறுத்தும் வசதி நல்ல போன் பெட்டிகளில் உண்டு. பொருத்த வருபவர், நல்ல தண்ணீர் ஓடும்போது ஆம்பியரை அளந்து அதற்கேற்ப அளவு வைத்துத் தர வேண்டும். அளக்காமல் போனால் அந்த வசதி பயன்படாது.

ஒயரைக் காப்பது: பீஸ் அல்லது எம்.சி.பி.

பீஸ் போனால் செம்பு ஒயரில் இருந்து நாலு இழையை முறுக்கிப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த முறுக்கு உருகுவதற்குள் ஒயரும் மோட்டாரும் உருகிவிடும். எம்.சி.பி. போடுவது நல்லது. மோட்டார் கிளம்பும்போது நேரடி ஸ்டார்ட்டரில் சுமார் 6 மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால், வீட்டுக்கு வாங்கும் வகை அடிக்கடி விழுந்துவிடும். மோட்டாருக்கு உரிய 'டி' வகை கேளுங்கள். மூன்று பேஸுக்கும் சேர்ந்தே விழும் மூன்று துருவ எம்.சி.பி. வாங்குங்கள். ஒரு பேஸ் மட்டும் போகும் ஆபத்து அதில் பெருமளவு குறையும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத எம்.சி.பி.யைக் கையில் தொடாதீர்கள். எம்.சி.பி.க்கு அந்த முத்திரை சட்டப்படி கட்டாயம்.

எம்.சி.பி. இருந்தால் ரிலே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். எம்.சி.பி. காப்பது ஒயரை, ரிலே காப்பது மோட்டாரை. இரண்டும் மனிதனைக் காக்காது.

மனிதனைக் காப்பது: எர்த்தும் ஆர்.சி.டி.யும்

உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 10 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு கணக்கே இல்லை. அதனால்தான் மின் கசிவை உணர்ந்து நொடிப்பொழுதில் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற சாதனம் தனியாக வேண்டும். நம்ம ஊர் கடைகளில் ஈ.எல்.சி.பி. என்று கேட்டாலும் கிடைக்கும். மும்முனை மோட்டாருக்கு 30 மில்லி ஆம்பியர் அளவில் நான்கு துருவ வகை வாங்குங்கள்.

"போட்டா அடிக்கடி விழுது சார்" என்று சிலர் அதைக் கழற்றி விடுகிறார்கள். அது விழுவதற்குக் காரணம், கிணற்றுக்குள் போகும் கேபிளிலோ ஜாயிண்டிலோ மின்சாரம் கசிவதுதான். கசிவைச் சரிசெய்யுங்கள். சாதனத்தைக் கழற்றாதீர்கள்.

மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது விதி. நியூட்ரலையோ, போர் பைப்பையோ எர்த் ஆக்க வேண்டாம். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து எர்த் வேலை செய்யாமல் போகும். வாரம் ஒருமுறை எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆட்டோவில் விட்டால் ஊருக்கே வரும் சிக்கல்

ஒரே டிரான்ஸ்பார்மரில் இருபது மோட்டார்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஆட்டோ பெட்டி. மும்முனை வந்த அதே நொடியில் இருபதும் ஒன்றாகக் கிளம்பினால், ஒவ்வொன்றும் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிடும், மோட்டார்கள் கிளம்ப முடியாமல் திணறும், டிரான்ஸ்பார்மர் பீஸ் போகும். பிறகு பயிர் காயக் காய எல்லோரும் லைன்மேனுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஆள் போய்ப் போட்ட காலத்தில் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே போனதால் இது தானாகவே தவிர்ந்தது. இப்போது அதைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஆட்டோ பெட்டிகளில் தாமத நேரம் வைக்கும் வசதி இருக்கிறது. முதல் தோட்டத்துக்கு 30 விநாடி, அடுத்ததற்கு ஒரு நிமிடம், அதற்கடுத்ததற்கு ஒன்றரை நிமிடம் என்று பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியம் இல்லை.

மும்முனை இல்லாத நேரத்தில் கண்டென்சர் போட்டு இரண்டு பேஸில் மோட்டார் ஓட்டுவது இதைவிடக் கெடுதல். உங்கள் மோட்டாருக்குச் சூடு, டிரான்ஸ்பார்மருக்குச் சுமை, பக்கத்து வீட்டு விளக்குக்கு மங்கல். மின்வாரியமும் இதை அனுமதிப்பதில்லை. மும்முனை நேரத்தில் மோட்டாருடன் முறையாக இணைக்கும் கெபாசிட்டர் வேறு. அது வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க உதவும். 5 குதிரைத்திறனுக்குப் பொதுவாக 2 கே.வி.ஏ.ஆர். போதும்.

உயிர் காக்கும் ஒரு பழக்கம்

போனில் "ஆஃப்" என்று வந்தால் மின்சாரம் போய்விட்டது என்று நம்பாதீர்கள். போன் நிறுத்துவது ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காண்டாக்டரை மட்டும்தான். அதுவரை மின்சாரம் வந்து நிற்கிறது. காண்டாக்டரின் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் "ஆஃப்" கொடுத்தும் மோட்டாருக்கு மின்சாரம் போகும். ஆட்டோவில் இருந்தால், மின்சாரம் திரும்பியதும் யாரும் தொடாமலே மோட்டார் கிளம்பும்.

எனவே கிணற்றில் இறங்கும் முன், பைப்பைத் தொடும் முன், மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பீஸ் கட்டைகளைப் பிடுங்கி உங்கள் மடியில் கட்டிக்கொள்ளுங்கள். எம்.சி.பி. மட்டும் இருந்தால் அதை இறக்கிவிட்டுப் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். யார் போனில் இருந்து போட்டாலும் மோட்டார் ஓடக் கூடாது. பெட்டியில் பதிந்திருக்கும் போன் எண்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். அந்த இருவரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் போடக் கூடாது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இடி இடிக்கும்போதும் மோட்டாரை ஓட்ட வேண்டாம். போன் பெட்டிக்குள் இருப்பது நுண்ணிய மின்னணுப் பாகங்கள். இடி மின்னலில் கம்பி வழியே வரும் எழுச்சியை அவை தாங்காது. எழுச்சித் தடுப்பான் உள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். மழைக்கு முன்பே மெயினை நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

வாங்கும்போது கேளுங்கள்

மானியம் வேண்டுவோர் உங்கள் வருவாய்க் கோட்டத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகலாம். இந்த ஆண்டுக்கான மானிய அளவையும் ஒதுக்கீட்டையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உழவன் செயலியிலும் மானியத் திட்டங்களைப் பார்க்கலாம்.

கடைக்காரரிடம் "போன்ல போடலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பேஸ் போனால் நிற்குமா, வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் நிற்குமா, தண்ணீர் இல்லாவிட்டால் நிற்குமா, நின்றதற்கான காரணத்தைப் போனில் சொல்லுமா, தாமத நேரம் வைக்க முடியுமா? இந்த ஐந்துக்கும் "ஆமாம்" என்றால் வாங்குங்கள். இந்த ஐந்தையும் மானியத்துக்கே நிபந்தனையாக வைக்க வேண்டும், ஆர்.சி.டி.யையும் மானியத்தோடு சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நீங்களும் இதைக் கேட்கலாம்.

கம்பி அறுந்து கிடந்தாலோ, கம்பத்தில் தீப்பொறி பறந்தாலோ நீங்களே கை வைக்க வேண்டாம். மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு எந்த நேரமும் சொல்லலாம்.

நாளைக் காலையில் தோட்டத்துக்குப் போனதும் முதல் வேலையாக மெயினை நிறுத்துங்கள். தெரிந்த ஒயர்மேன் ஒருவரை வைத்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ரிலே எந்த எண்ணில் இருக்கிறது, பிரிவென்டர் இணைப்பில் இருக்கிறதா, எர்த் கம்பி அறாமல் இருக்கிறதா? இந்த மூன்றையும் பார்த்த பிறகு போன் பெட்டியைப் பற்றி யோசிப்போம்.