33 ஆண்டு நட்பைக் குலைத்த ஒரு பேச்சு!

இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொள்வது போல, இரண்டு நகரங்களும் உறவு கொண்டாடுவது உண்டு. அவற்றை "சகோதர நகரங்கள்" என்று சொல்வார்கள். ஓர் ஊர் மாணவர்கள் மற்ற ஊருக்குப் போவார்கள். விளையாட்டு வீரர்களும் கலைஞர்களும் போய் வருவார்கள். மேயர்கள் விருந்தாளியாக வருவார்கள்.

ஜப்பானில் உள்ள நகோயாவும், சீனாவில் உள்ள நான்கிங்கும் 1978-ம் ஆண்டு டிசம்பரில் சகோதர நகரங்கள் ஆயின. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் இரண்டு நாடுகளும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன.

பழைய தலைநகர்

நான்கிங் மிகப் பழமையான நகரம். "தெற்குத் தலைநகர்" என்பது அந்தப் பெயரின் பொருள். மிங் வம்சத்து அரசர் 14-ம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை மதில் இன்றும் அங்கே நிற்கிறது. 1937-ல் ஜப்பானுடன் போர் மூண்டபோது சீனாவின் தலைநகரும் அதுதான்.

அந்த ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி ஜப்பானியப் படை நகருக்குள் புகுந்தது. பல வாரங்கள் வெறியாட்டம் ஆடியது. சரண் அடைந்த வீரர்களையும், ஆயுதம் இல்லாத மக்களையும் கொன்று குவித்தது. பெண்களைச் சீரழித்தது. இறந்தவர்கள் 3 லட்சம் பேர் என்று சீனா சொல்கிறது. போருக்குப் பிறகு டோக்கியோவில் நடந்த விசாரணையில் 2 லட்சத்துக்கு மேல் என்று முடிவு கூறப்பட்டது.

படைத்தலைவர் மாட்சுயி 1948-ல் தூக்கிலிடப்பட்டார். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நகோயா!

நகோயாவும் போரில் தப்பவில்லை. 1945-ல் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. ஊருக்குப் பெருமையாக இருந்த பழைய கோட்டை எரிந்து சாம்பல் ஆயிற்று. அடிபட்ட இந்த இரண்டு ஊர்களும் கை கோத்தது சாதாரண காரியம் அல்ல.

மேயர் சொன்னது

2012 பிப்ரவரி 20-ந் தேதி நான்கிங்கில் இருந்து ஒரு தூதுக்குழு நகோயாவுக்கு வந்தது. மேயர் கவாமுரா அவர்களைச் சந்தித்தார். நான்கிங்கில் நடந்தது வழக்கமான சண்டைதான், படுகொலை நடந்ததாகத் தாம் நம்பவில்லை என்று அவர்களிடமே சொல்லிவிட்டார்!

அதற்கு அவர் காட்டிய காரணம் என்ன? 1945-ல் போர் முடிந்தபோது அவருடைய தகப்பனார் நான்கிங்கில் இருந்தார். ஊர்மக்கள் அவரை அன்பாக நடத்தினார்கள். படுகொலை நடந்திருந்தால் 8 ஆண்டுக்குள் இப்படி அன்பு காட்டுவார்களா என்று மேயர் கேட்டார்.

அன்பு காட்டியது அந்த மக்களின் பெருந்தன்மை. அதையே அவர்களுக்கு எதிரான சாட்சி ஆக்கலாமா?

மறுநாளே நான்கிங் நகராட்சி, நகோயாவுடன் அதிகாரிகள் மட்டத்திலான தொடர்பை நிறுத்தி வைத்தது. பொதுமக்கள் கொல்லப்பட்டதை மறுக்க முடியாது என்பதே ஜப்பானிய அரசாங்கத்தின் நிலை. ஆனாலும் மேயர் பேச்சை வாபஸ் வாங்கவில்லை. 2024 வரை அவரே மேயராக இருந்தார்.

இன்னொரு ஜோடி

இங்கிலாந்தில் உள்ள காவென்ட்ரி நகரை 1940-ல் ஜெர்மன் விமானங்கள் அழித்தன. ஜெர்மனியில் உள்ள டிரெஸ்டன் நகரை 1945-ல் ஆங்கில, அமெரிக்க விமானங்கள் அழித்தன. 1959-ல் இந்த இரண்டும் சகோதர நகரங்கள் ஆயின. ஒருவர் இழப்பை மற்றவர் ஒப்புக்கொண்டதே அந்த நட்புக்கு அடிப்படை.

பழைய பகையை மறந்துவிடலாம். அது நல்லதுதான். ஆனால், இழவு கண்ட வீட்டாரிடம் "சாவே விழவில்லை" என்று சொன்னால் எந்தச் சம்பந்தம்தான் நிலைக்கும்?